வெள்ளைப் பூச்சும் வெய்யிலும்

கதவுக்கும் சாளரத்துக்கும் பூசிய வெள்ளை வர்ணம் சில ஆண்டுகள் வெய்யிலில் நின்றால், தொட்ட விரலிற் சுண்ணாம்புத் தூள்போல ஒட்டிக்கொள்ளும். வர்ண உற்பத்தியாளரை நெடுங்காலம் வருத்திய இக்குறையே, பின்னாளில் நஞ்சு கலந்த நீரைத் தூய்மையாக்கும் ஒரு முயற்சிக்கு வித்தாயிற்று.

அவ்வர்ணத்தின் வெண்மைக்குக் காரணமாயிருப்பது தைத்தேனியமீரொட்சைட்டு என்னும் பொருள். 1791 இல் இங்கிலாந்தின் கோண்வால் பகுதியில் வில்லியம் கிறெகர் என்ற பாதிரியார், ஓடைக் கருமணலை ஆராய்ந்து, அதில் அதுவரை அறியப்படாத ஓர் உலோகம் உண்டெனக் கண்டார். 1795 இல் ஜேர்மனியரான கிளப்ரொத் கிரேக்கப் புராணத்துத் தைத்தான்களின் பெயரை அதற்குச் சூட்டினார். புல்மோட்டைக் கடற்கரைக் கருமணலிலும் உறைவது இவ்வுலோகமே. இதன் ஒட்சைட்டு நீரிற் கரையாதது. ஈயவெள்ளையைப் போல நஞ்சூட்டாதது. ஆதலின், முதலாம் உலகப் போர்க்காலத்தில் நோர்வேயிலும் அமெரிக்காவிலும் தொடங்கிய இதன் உற்பத்தி விரைவிற் பெருகியது.

1938 இல் கூடீவ், கிச்சனர் என்னும் இருவர், ஊதாக்கடந்த கதிர் பட்ட தைத்தேனிய வெள்ளை தன்மேற் படிந்த சாயத்தை வெளிறச் செய்வதையும், தான் மாறாதிருப்பதையும் எடுத்துக்காட்டினர். வர்ணத்தைத் தூளாக்கிய கள்வன் அவ்வெள்ளையே என்பது தெளிவாயிற்று. எனினும் அக்காலத்தில் அதனைப் பெரிதாகக் கருதியோர் சிலரே.

1967 இல் தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹொண்டாவிடம் பயின்ற புஜிஷிமா என்னும் மாணவர், இவ்வொட்சைட்டின் பளிங்கொன்றைப் பிளாற்றினத்தோடு கம்பியால் இணைத்து நீரில் அமிழ்த்தி ஒளி பாய்ச்சினார். குமிழிகள் எழுந்தன, நீர் ஒட்சிசனாகவும் ஐதரசனாகவும் பிரிந்தது. 1972 இல் இச்செய்தி வெளியானது. மறுவருடமே எண்ணெய் விலை உயர்ந்தது. ஒளியால் எரிபொருள் பெறலாமென்று பலர் இத்துறையிற் புகுந்தனர். எரிபொருளோ சொற்பமாகவே கிடைத்தது. ஆனால் 1976 இல் கனடாவிற் குளோரீன் கொண்ட கொடிய சேதன நஞ்சொன்றும், 1977 இல் அமெரிக்காவிற் சயனைட்டும் இவ்வெள்ளைத் தூளாற் சிதைக்கப்பட்டன.

சிதைவு நிகழும் விதம் இதுவே. ஒளி பட்டதும் ஓர் இலத்திரன் தன்னிடம் விட்டுத் தாவுகிறது. அது விட்ட வெற்றிடம் நீரிலிருந்து வீரியமிக்க ஒட்சியேற்றியை உண்டாக்க, அது சேதன அழுக்கைப் படிப்படியாகக் காபனீரொட்சைட்டும் நீருமாக்குகிறது. குறைகள் இரண்டு உள. தாவிய இலத்திரன் பெரும்பாலும் கணப்பொழுதில் வெற்றிடத்துக்கே மீண்டு, ஒளியை வீணாக்கிவிடும். அன்றியும், ஏறத்தாழ 388 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளியே இதற்கு உதவும். சூரிய ஒளியில் அத்தகையது நூற்றுக்கு ஐந்து பங்கும் இல்லை.

இவ்விடத்திலேதான் உலோகங்கள் துணைக்கு வந்தன. 1978 இல் ரெக்சாஸிற் கிரௌட்லர், பார்ட் என்போர், பிளாற்றின உப்புக்கரைசலிற் கலந்த தூளின்மேல் ஒளியைப் பாய்ச்சியே பிளாற்றினத்தைப் படியச்செய்தனர். அவ்வுலோகப் பொட்டு இலத்திரனைத் தன்பால் மடக்கிக்கொள்ள, வெற்றிடம் தன் வேலையைச் செய்யும். வெள்ளியும் பொன்னும் அவ்வாறே உதவின. ஆயின், கறிக்கு உப்பிடுவதுபோல அளவறிந்து இடல்வேண்டும். மிகுந்தால் உலோகமே ஒளியை மறைப்பதோடு, இலத்திரனும் வெற்றிடமும் கூடுமிடமாகவும் ஆகிவிடும்.

1994 இல் கலிபோர்னியாவிற் சோய், டேமின், ஹொஃப்மன் என்போர் 21 உலோக அயன்களைப் பளிங்கினுள்ளேயே கலந்து சோதித்தனர். விலையுயர்ந்த ருதீனியத்தோடு மலிவான இரும்பும் ஒளிவேலையை வளர்த்தது. கோபாற்றும் அலுமினியமும் அதனைக் குன்றச் செய்தன. வர்ண ஆலைகள் தூளின் மூர்க்கத்தை அடக்க மேற்பூச்சாக இடுவனவற்றுள் அலுமினாவும் ஒன்று என்பதை இங்கே நினைவுகூரலாம்.

அதன்பின் கட்புலனாகும் ஒளியிலேயே நஞ்சு நீங்கியதென்று எண்ணற்ற கட்டுரைகள் எழுந்தன. அவற்றுள் எல்லாவற்றையும் நம்புதற்கில்லை. பல சோதனைகளில் மெதிலீன் நீலம் போன்ற சாயமே அழுக்காகக் கொள்ளப்பட்டது. சாயமோ தானே ஒளியை உறிஞ்சி இலத்திரனைத் தூளுக்கு ஈந்து வெளிறக்கூடியது. நிறம் மறைந்த நீரிற் சிதைவின் இடைப்பொருள்கள் எஞ்சியிருத்தலும் கூடும். ஆதலாற் கவனமுள்ள ஆய்வாளர் நிறத்தோடு அமையாது, நீரில் எஞ்சிய சேதனக் காபனையும், தூளிலிருந்து கரைந்த உலோகத்தையும் அளந்த பின்னரே முடிவு கூறுகின்றனர்.