குளிர் வேறு, காற்று வேறு: கார் ஏ.சி.யின் கதை



வெயில் ஏறத் தொடங்கியதும் உங்களில் சிலரிடமிருந்து எனக்கு ஒரே மாதிரி புலம்பல் வரும். "டீச்சர், கார் ஏ.சி. சரியில்லை, கேஸ் அடிக்கணும்னு சொல்றாங்க." என்ன சரியில்லை என்று கேட்டால் பாதிப் பேர் "காற்று குளிரவில்லை" என்பார்கள். மீதிப் பேர் "காற்றே வரவில்லை, ஃபேனை நாலில் வைத்தாலும் ஊதின மாதிரிதான் இருக்கு" என்பார்கள். கேட்க ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு நோய்கள். ஏன் வேறு என்பது ஏ.சி. காருக்குள் வந்த வரலாற்றைப் பார்த்தால் தெளிவாகும். பழைய பழக்கம், பாடமாகவே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதல் கார்கள் பெரும்பாலும் திறந்த வண்டிகள். காற்றுக்குப் பஞ்சமில்லை, குளிர்நாடுகளில் குளிருக்கும் பஞ்சமில்லை. சூடாக்கிய செங்கல்லைக் காலடியில் வைத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. 1920களில் அமெரிக்காவில் மூடிய கார்கள் பெருகின. மழையும் பனியும் வெளியே நின்றன, ஆனால் உள்ளே புழுக்கம். 1933இல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில், முன்கதவுக் கண்ணாடியின் ஓரத்தில் திருப்பி வைக்கக்கூடிய சிறிய முக்கோணக் கண்ணாடி வந்தது. நம் ஊர் அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் அதே முக்கோணக் கண்ணாடியைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சீட்டுக்குச் சண்டை போட்டவர்களும் இதைப் படிப்பவர்களில் இருக்கிறார்கள்!

அடுத்த படி 1938. நாஷ் என்ற அமெரிக்க நிறுவனம் அதற்கு முந்தைய ஆண்டுதான் கெல்வினேட்டரோடு இணைந்திருந்தது. ஆமாம், நம் வீடுகளில் பிரிட்ஜாக வந்த அதே கெல்வினேட்டர். நாஷ் காரில் முன்கண்ணாடியின் அடிப்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுத்து, ஒரு ஃபில்டரில் வடிகட்டி, இன்ஜினின் வெந்நீர் ஓடும் காயில் வழியாகச் சூடாக்கி உள்ளே அனுப்பினார்கள். காருக்குள் காற்றழுத்தம் சற்று கூடுதலாக இருந்ததால் இடுக்குகள் வழியே வெளிக்குளிர் நுழையவில்லை. காற்று எடுக்கும் வாய், வடிகட்டி, ஃபேன் ஆகிய மூன்றும் அன்றே வந்துவிட்டன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏ.சி. அப்போது இன்னும் வரவில்லை.

குளிர் வேறு வீட்டிலிருந்து வந்தது. 1939 இறுதியில், 1940ஆம் ஆண்டு மாடலுக்காக, பேக்கார்டு நிறுவனம் தொழிற்சாலையிலேயே பொருத்திய ஏ.சி.யை அறிவித்தது. கூடுதல் விலை 274 டாலர். குளிர்விக்கும் பெட்டி பின்சீட்டுக்குப் பின்னால், டிக்கியின் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இன்று நாம் பட்டனைத் தட்டினால் கம்ப்ரஸர் நிற்கிறதே, அந்தக் கிளட்ச் அதில் கிடையாது. இன்ஜின் ஓடினால் கம்ப்ரஸரும் ஓடும். நிறுத்த வேண்டுமானால் இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். ஓட்டுநரின் கையில் இருந்தது ஃபேன் சுவிட்ச் ஒன்றுதான். குளிரை உண்டாக்குவது ஒரு வேலை, அதை ஆளிடம் கொண்டுவந்து சேர்ப்பது இன்னொரு வேலை என்பது அந்தக் காரில் பளிச்சென்று தெரிந்தது. விலையும் தொல்லையும் அதிகம் என்பதால் ஓரிரு ஆண்டுகளிலேயே அதைக் கைவிட்டார்கள்.

போருக்குப் பிறகு 1953இல் கிரைஸ்லர், ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் ஏ.சி. திரும்பி வந்தது. அப்போதும் பெட்டி டிக்கியில்தான். 1954இல் நாஷ் தன் பழைய சூட்டு அமைப்பையும் புதிய குளிரையும் சேர்த்து, முன்பக்கமே அடங்கும் ஒரே அமைப்பாக்கியது. விலை 345 டாலர். ஒரே ஃபேன், ஒரே வழி. வேண்டும்போது சூடு, வேண்டும்போது குளிர். இன்று நாம் ஓட்டும் கார்களெல்லாம் இந்த வழி வந்தவைதான்.

இதில் ஒரு விளைவும் உண்டு. எல்லாக் காற்றும் ஒரே வழியில் போவதால், அந்த வழியில் ஓர் அடைப்பு வந்தால் சூடும் குறையும், குளிரும் குறையும். ஹீட்டரில் வைத்தாலும் காற்று மெலிந்தே வருகிறதா? முதலில் காற்று போகும் வழியைப் பாருங்கள்.

கடைசிப் படி 1964, இங்கிலாந்து. ஃபோர்டு கார்ட்டினாவில் டேஷ்போர்டின் இரு முனைகளிலும் வட்டமான காற்று வாய்கள் வைத்தார்கள். பின்பக்கத் தூண்களில் காற்று வெளியேறத் துளைகள் வைத்தார்கள். ஏழாம் வகுப்பில் பாட்டில் வாயில் புனலை இறுக்கி, மாவால் அடைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் காட்டியது நினைவிருக்கிறதா? உள்ளே இருக்கும் காற்று வெளியேறாவிட்டால் தண்ணீர் இறங்காது. காரும் அந்தப் பாட்டில்தான். இன்று அந்தத் துளைகள் பின் பம்பருக்கு உள்ளே அல்லது டிக்கியின் பக்கவாட்டில் மறைந்திருக்கின்றன.

வரலாறு முடிந்தது. இனி உங்கள் காருக்கு வருவோம். காற்று குறைந்தால் இந்த வரிசையில் பாருங்கள்.

ஒன்று, ஃபில்டர். பல கார்களில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். கருத்து, தூசி அடைந்திருந்தால் மாற்றுங்கள். அதன் மேல் அம்புக்குறி இருக்கும், காற்று போகும் திசை பார்த்துப் பொருத்த வேண்டும். சில பழைய, குறைந்த விலைக் கார்களில் ஃபில்டரே இருக்காது. அவற்றில் தூசி நேராகக் கூலிங் காயிலில் படியும். முன்கண்ணாடி அடியில் சருகு சேர்ந்திருந்தால் அதையும் அள்ளிவிடுங்கள்.

இரண்டு, ஃபேன். ஒன்று, இரண்டு, மூன்றில் ஓடாமல் கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால் பெரும்பாலும் ரெசிஸ்டர் போயிருக்கும். கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே சருகோ எலி கொண்டுவந்த குப்பையோ இருக்கலாம்.

மூன்று, பனி. கிளம்பும்போது நன்றாக வந்து, அரை மணி ஒரு மணி கழித்துக் காற்று குறைகிறதா? ஏ.சி.யை அணைத்து ஃபேனை மட்டும் சிறிது நேரம் ஓடவிட்டால் திரும்ப வருகிறதா? அப்படியானால் கூலிங் காயிலில் பனி கட்டுகிறது. அடைந்த ஃபில்டர், பழுதான சென்சார், குறைந்த கேஸ் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று காரணமாக இருக்கலாம். எதுவென்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நான்கு, மடல்கள். முகத்துக்கு வராமல் காலுக்கோ கண்ணாடிக்கோ மட்டும் காற்று போனால் உள்ளிருக்கும் மடல் சிக்கியிருக்கிறது.

ஐந்து, வெளியேறும் வழி. வெளிக்காற்று நிலையில் வைத்து, ஒரு ஜன்னலைச் சற்று இறக்குங்கள். உடனே காற்று கூடினால் பின்பக்கத் துளை அடைந்திருக்கிறது. டிக்கியில் அடைத்து வைத்த சாமான்களை எடுத்துப் பாருங்கள்.

எங்கள் உறவுப் பையன் ஒருவன் ஒரே கோடையில் இரண்டு முறை கேஸ் நிரப்பினான். மூன்றாவது முறை வேறொரு மெக்கானிக் குளோவ் பாக்ஸைக் கழற்றினார். ஃபில்டர் கரித்துணி போல இருந்தது. அதை மாற்றியதோடு சரியாகிவிட்டது.

கேஸ் என்பது பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் நிரப்பினால் மீண்டும் கசியும். போவது காசு மட்டுமல்ல. பழைய ஆர்-12 வாயு ஓசோன் படலத்தைக் கெடுத்ததால்தான் 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலியது. தேவையில்லாமல் திறந்துவிடும் ஒவ்வொரு முறையும் நம் பேரப்பிள்ளைகளின் வெயில் கூடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய அமெரிக்கக் கார்கள் பலவற்றில் மடல்களை இயக்கும் வெற்றிடக் குழாய் அறுந்துபோனால், காற்று தானாக முன்கண்ணாடிப் பக்கம் போகும்படி அமைத்திருந்தார்கள். பயணிக்கு வியர்த்தால் பரவாயில்லை, ஓட்டுநருக்குச் சாலை தெரிய வேண்டும். மழைக்காலத்தில் கண்ணாடியில் ஆவி படிந்தால் அதை விரட்டுவதும் இதே காற்றுதான். ஆகவே காற்று குறைந்தால் சொகுசுதானே குறைகிறது என்று தள்ளிப்போடாதீர்கள். ஐப்பசி மழைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குளோவ் பாக்ஸைக் கழற்றிப் பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் ஒரு பாடமாக இருக்கும்.

உங்களில் மெக்கானிக் வேலை பார்க்கிறவர்கள் விட்டுப்போனதைக் கீழே எழுதுங்கள். எல்லோரும் தெரிந்துகொள்வோம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்