துப்பாக்கி கூறும் வரலாறு

மூதாதையர் விட்டுச் சென்ற பொருள்களுள் பழைய வேட்டைத் துப்பாக்கியும் ஒன்று. அது கைக்கு வந்ததும் வாரிசுகள் இரு வினாக்களை எழுப்புவர். இஃது எக்காலத்தது? இதன் மதிப்பு என்ன? முன்னதற்கு விடை காணாமல் பின்னதற்கு விடை கூற இயலாது. குடும்பத்தார் கூறும் கதை ஒரு சான்று. இரும்பில் பொறித்த எழுத்து அதனினும் வலிய சான்று. கல்வெட்டைப் படிப்பதுபோல் அவ்வெழுத்தைப் படித்தல் வேண்டும்.

ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளில் வழங்கிய வேட்டைத் துப்பாக்கிகள் பல பர்மிங்காமிலும் இலண்டனிலும் செய்யப்பட்டவை. அங்கே குழலில் வழக்கத்தினும் மிகுதியாக மருந்திட்டுச் சுட்டுப் பார்த்து, பழுதுறாத குழலுக்கே முத்திரையிடுவர். இலண்டன் துப்பாக்கிக் கொல்லர் சங்கம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. பர்மிங்காம் சோதனை மனை 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் ஏற்பட்டது. மகுடத்தின் கீழ் 'என்.பி.' என்னும் எழுத்துகள் இருப்பின், புகையில்லா மருந்துக்காகப் பர்மிங்காமில் 1904க்குப் பின் சோதிக்கப்பட்ட குழல் அது என்று அறியலாம். எனினும், பழைய குழலையும் பிற்காலத்தில் மீண்டும் சோதிப்பதுண்டு. ஆதலால் ஒரு முத்திரையை மட்டும் கொண்டு முடிவு கட்டலாகாது.

தோட்டாவின் அளவு அடுத்த சான்று. கார்டைட்டு மருந்திட்ட .450 தோட்டாவை ரிக்பி நிறுவனம் 1898இல் வெளியிட்டது. அவ்வளவுக் குண்டுகள் கலகக்காரரிடமிருந்த மார்ட்டினி ஹென்றி இராணுவத் துப்பாக்கிகளுக்குப் பயன்படும் என அஞ்சிய ஆங்கில அரசு, இந்தியாவில் அவற்றைத் தடை செய்தது. அதன் விளைவாக 1907இல் .470 தோட்டா தோன்றியது. ஆகவே, .470 துப்பாக்கியைக் காட்டி, "எம் பாட்டனார் 1890இல் இதனால் புலியைச் சுட்டார்" என ஒருவர் கூறின் அக்கூற்று நில்லாது.

குழலின்மேல் உள்ள பெயரும் ஆராயத் தக்கது. சென்னை பி. ஆர் அண்டு சன்ஸ் போன்ற வணிகர், விற்ற துப்பாக்கிகளில் தம் பெயரைப் பொறித்தனர். விற்றவர் வேறு, செய்தவர் வேறாகவும் இருக்கலாம்.

இனி மதிப்பு. குழலின் உள்வரிகள் தேயாமை, உறுப்புகள் மாற்றப்படாமை, உரிமைச் சான்றுகள் ஆகியவை விலையை உயர்த்தும். துருவைப் போக்குவதாக எண்ணி அரம் கொண்டு தேய்த்து மெருகிடுவோர், முத்திரைகளையும் தேய்த்து மதிப்பைக் குறைத்துவிடுகின்றனர்.

ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பி துப்பாக்கி சிறந்த எடுத்துக்காட்டு. செய்நேர்த்தி உடையதெனினும் அது ஒரே ஒரு படியாகச் செய்யப்பட்டதன்று. சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியை 1907இல் கொன்றமைக்காக அது அவருக்குப் பரிசளிக்கப்பட்டதென அதன் கட்டையிற் பதித்த வெள்ளித் தகடு கூறுகிறது. அப்புலியைக் கொன்ற துப்பாக்கி அதுவன்று. கொன்றபின் கிடைத்த பரிசே அது. தகட்டைக் கூர்ந்து படித்தவர் இவ்வேறுபாட்டை உணர்வர். பிற்காலத்தில் ரிக்பி நிறுவனமே அதனைத் தேடி வாங்கியது. இரும்பினும் மரத்தினும் மேலாக அதற்கு விலை தந்தது ஐயமற்ற வரலாறே.

மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். பழம்பொருள் கண்டவர் முதலில் காவல் நிலையத்திற்கு அறிவித்தலே கடன்.

மாணவர்களே! துப்பாக்கியாயினும் ஓலைச்சுவடியாயினும் முறை ஒன்றே. கேட்ட கதையை மதியுங்கள்; ஆயின் பொருளையே சாட்சியாக்கி அதனைச் சோதியுங்கள். சோதனைக்கு நிற்பதே வரலாறு.