கொழுப்பும் கிளர்ச்சியும்

வண்டியின் அச்சுக்கு மசகு வேண்டும். பூட்டுக்கு எண்ணெய் வேண்டும். ஒன்றோடொன்று உராயும் பொருள்கள் யாவற்றுக்கும் இது பொது விதியாகும். துப்பாக்கியும் இதற்கு விலக்கன்று. அதற்கு எதனைப் பூசுவது என்பது ஆயுதசாலையார் தீர்த்துக்கொள்ள வேண்டிய சிறு விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அச்சிறு விஷயமே 1857ஆம் ஆண்டில் வட இந்தியாவைக் கொந்தளிக்கச் செய்த பெருங் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணமாயிற்று.

கிழக்கிந்தியக் கம்பனியின் சிப்பாய்களிற் பெரும்பாலார் கையிலிருந்தது, உட்புறம் வழவழப்பான குழலையுடைய பழைய துப்பாக்கி. குண்டு குழலினுஞ் சிறிதாகையால் எளிதில் இறங்கும், குறியோ தவறும். 1853இல் பிரித்தானியர் அமைத்த என்பீல்டுத் துப்பாக்கியின் குழலினுள்ளே சுருளாகச் செல்லும் மூன்று தவாளிப்புகள் இருந்தன. அவை குண்டைச் சுழலச் செய்து நெடுந்தூரம் நேரே செலுத்தின. எனினும் கருமருந்து எரிந்தபின் எஞ்சும் கரி குழலிற் படிந்து இறுகுமாதலால், சில வெடிகளின்பின் அடுத்த குண்டை வாய்வழியே இறக்குதல் அரிதாகும். ஆகவே குண்டைச் சுற்றிய தாளின்மேற் கொழுப்பும் மெழுகுங் கலந்து பூசினர். அப்பூச்சு கரியை இளக்கிக் குண்டுக்கு வழிவிடும்.

இத்தகைய பூச்சு வெயிலில் உருகி வழியலாகாது, குளிரில் விறைக்கலாகாது, தாளில் ஊறி மருந்தைக் கெடுக்கவுங் கூடாது. தேன்மெழுகு ஏறக்குறைய 62 பாகை சென்ரிகிறேட்டில் உருகுவது. தனித்து நின்றால் அது கடினமானது. கொழுப்பு அதனை இளக்கும். இந்தியாவில் முன்னரே வழங்கிய பிரன்சுவிக்குத் துப்பாக்கியின் குண்டைச் சுற்றிய துணிக்குத் தேங்காயெண்ணெயும் மெழுகும் பூசப்பட்டன. புதிய தோட்டாவுக்கோ விலங்கின் கொழுப்பு தெரிந்தெடுக்கப்பட்டது.

எச்சரிக்கை இல்லாமலில்லை. புதிய தோட்டாக்கள் இந்தியக் காலநிலையைத் தாங்குமோவென்று சோதிக்கப்பட இருந்தபோதே, 1853 திசெம்பரில் வங்கப் படையின் அதிகாரியான கேணல் ரக்கர், அக்கொழுப்பு சிப்பாய்களின் சமய ஆசாரத்துக்கு மாறாகாதென்பதை உறுதிசெய்தல் வேண்டுமென எழுதினார். அவர் சொல் ஏறவில்லை. பின்னர் கல்கத்தாவில் தோட்டா செய்தபோது, கொழுப்பு எவ்விலங்கினதாய் இருத்தல் வேண்டுமென ஒப்பந்தக்காரருக்கு வரையறை விதிக்கப்படவில்லை.

தோட்டாவின் முனையைப் பல்லாற் கடித்துக் கிழித்து மருந்தைக் கொட்டுதல் அக்காலப் பயிற்சி முறை. பசுவின் கொழுப்பு இந்துவுக்கும் பன்றியின் கொழுப்பு முஸ்லிமுக்கும் எத்துணைப் பாதகம் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1857 சனவரியில் டம்டம் பாசறையில் எழுந்த வதந்தி விரைந்து பரவிற்று. தளபதி ஹேர்சியின் யோசனைப்படி, சிப்பாய்கள் கடைத்தெருவிலே தாமே வாங்கிய பொருளைப் பூசிக்கொள்ள அரசு அம்மாதமே இசைந்தது. மார்ச்சு மாதத்திலே, பல்லாற் கடியாது கையாற் கிழிக்கவும் விதி மாற்றப்பட்டது. ஆனால் ஐயம் அதற்குள் கொழுப்பைவிட்டுத் தாளுக்குத் தாவிவிட்டது. தாளின் மினுக்கமே கொழுப்புக்குச் சான்றெனப்பட்டது. பெப்ரவரி 26ஆந் திகதி பேரம்பூரில் 19ஆம் படைப்பிரிவு தோட்டாவை ஏற்க மறுத்தது. ஏப்பிரல் 24ஆந் திகதி மீரத்தில், நீட்டப்பட்டவை பழைய தோட்டாக்களேயாயினும், 90 குதிரைவீரருள் 85 பேர் மறுத்தனர். மே 9ஆந் திகதி அவர்கள் எல்லோர் முன்னிலையிலும் விலங்கிடப்பட்டனர். மறுநாட் கிளர்ச்சி வெடித்தது.

கொழுப்பு ஒன்றே காரணமென்று கொள்ளுதல் பொருந்தாது. 1856இல் அயோத்தி இராச்சியம் கம்பனியின் ஆட்சியோடு சேர்க்கப்பட்டமையும், அவ்வாண்டிலேயே புதிதாகச் சேரும் சிப்பாய்கள் கடல்கடந்துஞ் சேவைசெய்ய வேண்டுமென்ற சட்டம் வந்தமையும் மனக்கசப்பை வளர்த்திருந்தன. உலர்ந்த விறகில் விழுந்த பொறியே தோட்டா. 1858இற் கம்பனியின் ஆட்சி முடிவுற்றது.

சிப்பாயின் அச்சத்தை மூடநம்பிக்கையென்று எள்ளியோர் அன்றும் உளர், பின்னும் உளர். ஆனால் கொழுப்பு எதனுடையதென்று அவன் கேட்டபோது, தெளிவான விடைகூற அதிகாரிகளாலே இயலவில்லை என்பதை அவர்கள் மறந்தனர். நெய்யை மாற்றுதல் ஒருநாள் வேலை. இழந்த நம்பிக்கையை மீட்டல் அத்தகையதன்று. பிறர் புனிதமெனப் போற்றுவதை அற்பமெனக் கருதி ஆளமுற்படுவோர், மீரத்தின் வரலாற்றை ஒருமுறை படித்தல் நன்று.