நூறாவது பீஸ்

கோயமுத்தூர் கணபதி பக்கம் ஒரு பவுண்டரியில் மோல்டராக இருந்த என் மாமா அடிக்கடி சொல்வார்: "மொத பீஸ் ஆரு வேணா ஊத்திரலாம் மாப்ள. நூறாவது பீசும் அதே மாதிரி வரோணும். அதுதான் தொழிலு." உலோகத்தில் த்ரீ-டி பிரிண்டிங் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இதுதான் ஞாபகம் வருகிறது.

கொங்கு நாட்டுக்கு இது பழைய கவலை. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உலைகளும், மூசையில் உருக்கு காய்ச்சிய தடயங்களும் கிடைத்தன. அதே வகை மூசை உருக்கு 19ஆம் நூற்றாண்டிலும் சேலம் பக்கம் செய்யப்பட்டது. பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத் அதை எழுதி வைத்திருக்கிறார். களிமண் மூசைக்குள் இரும்புத் துண்டு, காய்ந்த ஆவாரங்குச்சி, மேலே எருக்கிலை. வாயை மண்ணால் பூசிவிட்டுத் துருத்தி ஊத வேண்டும். ஆறிய கட்டியின் மேல் கதிர்போல வரிகள் ஓடினால் நல்ல உருக்கு. தேன்கூடு மாதிரி இருந்தால் பழுது. மூசையை உடைக்கும்வரை எதுவும் தெரியாது.

இந்த வகை இந்திய உருக்கிலிருந்துதான் டமாஸ்கஸ் வாள்கள் வந்தன. அந்தக் கலை ஏன் மறைந்தது? 1998இல் ஜான் வெர்ஹோவனும் கொல்லர் ஆல்ஃபிரட் பெண்ட்ரேயும் ஒரு பதில் சொன்னார்கள். வாளின் அலைக்கோலத்துக்குக் காரணம், தாதுவில் சொற்பமாக இருந்த வனேடியம் போன்ற மாசுகள். அந்தத் தாது வருவது நின்றதும் கோலமும் நின்றது. கொல்லர் எதையும் மாற்றவில்லை. தான் எதை நம்பியிருந்தோம் என்பதே அவருக்குத் தெரியாது.

இப்போது மகேந்திரகிரிக்கு வருவோம். பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் நிலை எஞ்சினை இஸ்ரோ அச்சிட வைத்து, 2024 மே 9 அன்று 665 விநாடி எரித்துப் பார்த்தது. 14 பாகங்கள் ஒன்றாயின. 19 வெல்டிங் இணைப்புகள் போயின. 565 கிலோ உலோகம் கேட்ட வேலைக்கு 13.7 கிலோ பொடி போதுமாக இருந்தது. பெரிய சாதனைதான். ஆனால் அடுத்த எஞ்சினும் அதற்கடுத்ததும் அப்படியே வர வேண்டுமே!

அங்கேதான் சிக்கல். முடியை விட மெல்லிய பொடிப் படலத்தை லேசர் உருக்குகிறது. இப்படி ஆயிரக்கணக்கான படலங்கள். மீந்த பொடியைத் திரும்பப் பயன்படுத்தினால் அதில் ஆக்சிஜன் ஏறும். காற்றின் ஈரம் பட்டால் பொடி சரியாகப் பரவாது. தட்டின் ஒரு மூலையில் வந்த பாகமும் நடுவில் வந்ததும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு தடவையும் பாகத்தோடு சோதனைக் கம்பிகளையும் அச்சிட்டு இழுத்துப் பார்க்கிறார்கள். பொடியின் பேட்ச் எண் முதல் வாயு ஓட்டம் வரை குறித்து வைக்கிறார்கள். ஜிஇ நிறுவனம் 2021இல் ஒரு லட்சமாவது எரிபொருள் நாசிலை அச்சிட்டது. அதற்கு மிஷின் மட்டும் போதாது, இந்தக் கணக்கு நோட்டும் வேண்டும்.

மாமா மண்ணைக் கைப்பிடியில் அழுத்திப் பார்த்தே ஈரம் சொல்வார். அவர் ஓய்வு பெற்ற அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பவுண்டரியில் ப்ளோ ஹோல் விழுந்து ரிஜெக்ஷன் கூடியது. அதே மண், அதே பெட்டி, அதே உலை. இல்லாமல் போனது அவர் கை ஒன்றுதான். அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

கோவையின் சிறு பட்டறைகள் இனி இந்த மிஷின்களை வாங்கும். கடன் கிடைக்கும், மானியமும் கிடைக்கலாம். கைக்குத் தெரிந்ததை எண்ணாக எழுதி வைக்கும் பழக்கத்தை யாரும் விற்க மாட்டார்கள். கொடுமணலில் அது இருந்திருந்தால் நாம் தோண்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்காது.