மிளகுத் தண்ணீரும் மைசூர்ப் பருப்பும்

நம் நகரின் பழைய கிளப்புகளிலும் ஆங்கில முறை உணவுச்சாலைகளிலும் ‘மல்லிகட்டானி’ என்னும் சூப் ஒன்றைப் பட்டியலில் காணலாம். பருப்பு மசிந்த மஞ்சள் நிறச் சாறு. அதனுள் ஒரு கரண்டி சோறு. பக்கத்தில் எலுமிச்சைத் துண்டு. காலனியில் வாழும் நம் பிள்ளைகள் அதனைச் சீமைப் பண்டம் என்றே எண்ணி உண்கின்றனர். அதன் பெயரோ பச்சைத் தமிழ். மிளகுத் தண்ணீர் என்பது பேச்சு வழக்கில் மிளகுதண்ணியாகி, ஆங்கிலேயர் நாவில் புரண்டு இவ்வடிவம் பெற்றது.

இச்சொல்லின் வரலாறு நம் பெங்களூரைத் தொட்டு நிற்பது பலரும் அறியாத செய்தியாகும். ஆங்கிலத்தில் புகுந்த இந்தியச் சொற்களை யூல், பர்னெல் என்னும் இருவர் திரட்டிய ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி 1886இல் வெளிவந்தது. இவருள் பர்னெல், தஞ்சையில் நீதிபதியாக இருந்து சரசுவதி மகால் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்தவர். அகராதி அச்சேறுமுன் 1882இல் மறைந்தார். மல்லிகட்டானிக்கு அவ்வகராதி காட்டும் மேற்கோள்களுள் காலத்தால் முற்பட்டது 1784ஆம் ஆண்டினது. அஃது ஒரு கைதியின் பாட்டு. ஹைதர் அலியிடம் சிறைப்பட்ட ஆங்கிலக் கடற்படையினர் ஒருவர், தம் தலைவிதியை நொந்து பயனில்லை என்றும், பெங்களூர்ச் சிறையில் தமக்கு வாய்ப்பது மிளகுத் தண்ணீரும் கஞ்சியுமே என்றும் புலம்புகின்றார். இரண்டு அடிகளுக்குள் இரு தமிழ்ச் சொற்கள்! கஞ்சியும் நம்மிடமிருந்து ஆங்கிலம் கொண்ட சொல்லன்றோ?

கடற்படை வீரர் கடலில்லாத பெங்களூருக்கு வந்தது எவ்வாறு? பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரென், தாம் பிடித்த ஆங்கிலேயர் பலரை 1782இல் ஹைதரிடம் ஒப்படைத்தார். அவ்வாண்டின் இறுதியில் ஹைதர் மறைந்தார். 1784 மார்ச்சில் திப்புவுடன் மங்களூரில் உடன்படிக்கை ஏற்பட்ட பின்னரே கைதிகள் விடுதலை பெற்றனர்.

இதனைக் கொண்டு, 1784இலேயே இங்குத் தமிழர் அடுப்பு மூட்டினர் என்று முழங்குதல் தகாது. சென்னைக் கரையில் கேட்டறிந்த சொல்லை அக்கைதி இங்குக் கிடைத்த சாற்றுக்கு இட்டு வழங்கியிருக்கலாம். கன்னடத்தார் அதனைச் ‘சாறு’ என்றே சொல்லியிருப்பர். அதுவும் நமக்கு அயற்சொல் அன்று. நாம் துணிந்து கூறக்கூடியது ஒன்றே: இன்று விருந்தின் முதற்கலமாக வரும் இப்பண்டம், அன்று ஏழையின் உணவாக, வேறு வகையற்றவன் குடிக்கும் நீராகவே ஆங்கில ஏட்டில் இடம்பெற்றது.

அது மேசை ஏறிய கதை பட்டாளத்தோடு வந்தது. 1791இல் காரன்வாலிஸ் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தார். 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அங்குப் பரவிய காய்ச்சலுக்கு அஞ்சி, 1809இல் படையைப் பெங்களூருக்கு மாற்றினர். ‘தண்டு’ என்று கன்னடத்தில் வழங்கும் கன்டோன்மென்ட் அவ்வாறு எழுந்தது. சென்னைப் படையின் பின்னே சிப்பாய்களும் வணிகரும் சலவைத் தொழிலாளரும் சமையற்காரரும் வந்து, அல்சூரிலும் இன்றைய சிவாஜிநகர்ப் பகுதியிலும் குடியேறினர். துரைமார் பெயரில் தெருக்கள் பல உள. அவர்தம் சமையற்காரர் பெயரில் ஒன்றையும் நாம் கண்டிலோம்.

அச்சமையற்காரர் இயற்றிய புதுமை எளிதன்று. நம் மிளகுத் தண்ணீர் சோற்றில் பிசைந்து உண்ணற்குரியது. துரைக்கோ கரண்டியால் உண்ண, கெட்டியான சூப் வேண்டும். எனவே இறைச்சிச் சாறும் வெங்காயமும் சேர்ந்தன. சிலர் மாவு கரைத்தனர். சிலர் பருப்பை மசித்தனர். இலண்டன் மருத்துவர் கிச்சினரின் சமையல் நூல் இச்சூப்பைச் சேர்த்து, பெயரின் பொருளையும் விளக்கியது. சென்னை இராணுவத்தைச் சார்ந்த கென்னி-ஹெர்பர்ட், 1878இல் சென்னையில் வெளியிட்ட நூலில், நம் எளிய மிளகுத் தண்ணீரையும் மறவாது குறித்தார். சென்னை மாகாண அதிகாரிகளுக்கே ‘மல்’ என்று கேலிப்பெயர் வந்ததெனின், அவர்கள் குடித்த அளவை என்னென்பது!

கெட்டிப்படுத்தற்கு உகந்த பருப்பு மைசூர்ப் பருப்பு. இதன் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழ்நாட்டினரும் யாழ்ப்பாணத்தாரும் மைசூர்ப் பருப்பு என்கின்றனர். சிங்களரும் ‘மைசூர் பரிப்பு’ என்பர். மைசூர் நாட்டாரோ அதனைச் ‘சன்னங்கி பேளே’ என்கின்றனர். அது மிகுதியாக விளைவது வடநாட்டுக் குளிர்காலத்தில். இன்று கனடாவிலிருந்தும் கப்பலேறி வருகின்றது. வடமொழியில் மசூரம், இந்தியில் மசூர். அம்மசூரே நம் நாவில் மைசூர் ஆயிற்று எனக் கொள்வதே எமக்குப் பொருத்தமாகப் படுகின்றது. மைசூர் மண்ணில் பதிவான சூப்புக்குத் தமிழ்ப் பெயர். தமிழர் வாங்கும் பருப்புக்கு மைசூர்ப் பெயர்!

இல்லத்தில் செய்ய விரும்புவோர்க்குச் சில சொற்கள். தோல் நீக்கி உடைத்த பருப்பாதலின் ஊறவைத்தல் வேண்டா. 100 கிராம் பருப்பைக் கழுவி ஒரு லிட்டர் நீரில் இட்டு, எழும் நுரையை எடுத்துவிடுக. 20 நிமிடத்தில் செந்நிறம் மாறி மஞ்சளாகிக் கரைந்துவிடும். வெங்காயம், பூண்டு, தட்டிய மிளகு, சீரகம், தனியா ஆகியவற்றை நெய்யில் வதக்கிச் சேர்த்து, மீண்டும் கொதிக்கவிட்டு மசித்து வடிக்க வேண்டும். மிளகாய்த் தூள் வேண்டா. மிளகாய் போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின் வந்தது, மிளகுத் தண்ணீருக்கு மிளகே உரியது. புளிப்புக்குப் புளிக்கரைசல் நம் முறை, எலுமிச்சை அவர்கள் முறை. எலுமிச்சையாயின் அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே பிழிக. கொதிக்கும்போது பிழிந்தால் கசக்கும்.

நம் நகரின் ஆங்கிலோ-இந்தியர் இல்லங்களில், பருப்புச் சேராத தெளிந்த சாற்றை இன்றும் ‘பெப்பர் வாட்டர்’ என்றே சொல்லிச் சோற்றோடு உண்கின்றனர்.