சாம்பிளும் கண்ணும்: திருப்பூர்ப் பள்ளிகளில் ஓவிய வகுப்பு எதற்கு?

திருப்பூரில் பனியன் தைப்பதற்கு முன்பே சாம்பிள் முடிவாகிவிடுகிறது. சாயப்பட்டறை லேப் டிப், அதாவது சிறு துணித் துண்டில் ஏற்றிய சாய மாதிரி, எடுத்து அனுப்பும். பையர் ஒப்புக்கொண்ட ஷேடுக்குத்தான் லாட் முழுவதும் சாயம் ஏறும். தைத்த பீஸ் சாம்பிளிலிருந்து விலகினால் செக்கிங்கில் ஒதுக்கிவிடுவார்கள். தொழிலுக்கு இந்த ஒழுங்கு உயிர்நாடி. இதே ஒழுங்கு பள்ளி ஓவிய வகுப்பையும் ஆள்கிறது என்பதும், அங்கே அதற்கு இடமில்லை என்பதும் என் வாதம்.

கரும்பலகையில் ஆசிரியர் இரண்டு மலைகளை வரைவார். நடுவே சூரியன், கீழே ஆறு, கரையில் ஒரு தென்னை. நாற்பது பிள்ளைகளும் அதையே வரைவார்கள். எது பலகைக்கு மிக நெருக்கமோ அதற்கு அதிக மதிப்பெண். இந்தப் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி, கைத்தொழிலையும் ரசனையையும் ‘மேம்படுத்தும்’ நோக்கம் கொண்டது. மாதிரியைப் பார்த்துப் பிசகாமல் வரையும் கையே அந்தக் கல்வியில் நல்ல கை. பள்ளி ஓவிய ஆசிரியரின் பயிற்சியிலும் தேர்விலும் அந்த மதிப்பீடு இன்னும் தங்கியிருக்கிறது. தனி ஆசிரியர்மீது குறை சொல்வதில் பொருளில்லை. அவர் கற்றதைத்தான் அவர் கற்பிக்கிறார்.

இதற்கு நேரெதிரான நம்பிக்கை ஐரோப்பாவில் பிறந்தது. 1897இல் வியன்னாவில் குழந்தைகளுக்கான ஓவிய வகுப்பை நிறுவிய ஃப்ரான்ஸ் சிசெக், பிள்ளைகளைத் தம் போக்கில் வளர விட்டால் போதும் என்றார். பின்னர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் வெளியிட்ட நூலால் அந்தப் பார்வை உலகெங்கும் பரவியது. எனக்கு அதில் பாதி உடன்பாடு. மாதிரியைத் தூக்கி எறிந்தது சரி. ஆனால் திருப்பூர்க் குழந்தை வெற்றுக் கண்ணோடு வகுப்புக்கு வருவதில்லை. பிசிறு வெட்டும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளைக்கு நேவிக்கும் கறுப்புக்கும் உள்ள வேறுபாடு தெரியும். கிரே மெலாஞ்ச் என்றால் என்ன என்று தெரியும். ‘உனக்குத் தோன்றியதை வரை’ என்று விட்டுவிட்டால் அந்த அறிவு வகுப்புக்கு வெளியிலேயே நின்றுவிடும்.

காந்தியின் சேவாகிராமத்தில் 1944 முதல் ஓவியம் கற்பித்த தேவி பிரசாத் இந்த இடத்தில் நமக்கு வழிகாட்டுகிறார். கலை ஒரு தனிப் பாடமல்ல, கல்வியின் அடிப்படையே அதுதான் என்பது அவர் கொள்கை. 1937 வார்தா மாநாட்டில் உருப்பெற்ற, கைத்தொழில்வழிக் கற்பிக்கும் காந்தியின் ஆதாரக் கல்வி அவர் பணிக்களம். கதர் இயக்கத்தின் பெரிய மையமாக இருந்த திருப்பூருக்கு இந்த மரபு அந்நியமானதல்ல. ஆனால் கைத்தொழில்வழிக் கல்வி என்று இங்கே சொல்லும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பனியன் கம்பெனிகளில் சிறுவர்கள் வேலை பார்த்த காலம் தொலைதூரத்தில் இல்லை. ‘ஓவியம் கற்றால் டிசைனர் ஆகலாம், பிரிண்டிங்கில் வேலை கிடைக்கும்’ என்று பெற்றோரிடம் சொல்வது எளிது. அப்படிச் சொல்லும் ஆசிரியர் தம் வகுப்பைக் கம்பெனியின் முன்வாசல் ஆக்கிவிடுகிறார். தொழிலின் அறிவு வகுப்புக்குள் வரட்டும். அதன் அவசரமும் ஆர்டரும் வெளியில் நிற்கட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. டியூப்லைட்டில் ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு துணிகள் வெயிலில் வேறுவேறாகத் தெரியக்கூடும். வெவ்வேறு சாயக் கலவைகள் ஒளியை வெவ்வேறு விதமாகத் திருப்பி அனுப்புவதே காரணம். ஷேடு பார்ப்பவர்கள் பல விளக்குகள் பொருத்திய பெட்டிக்குள் துணியை வைத்துச் சோதிப்பது இதற்காகத்தான். வேஸ்ட் துணித் துண்டுகளைப் பிள்ளைகளிடம் கொடுத்து, வகுப்பறையில் ஜோடி சேர்க்கச் சொல்லி, பிறகு முற்றத்துக்கு அழைத்துப்போனால் போதும். நிறம் பொருளில் மட்டும் இல்லை. ஒளியிலும் பார்ப்பவர் கண்ணிலும் இருக்கிறது என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். கம்பெனிக்கு அந்த வேறுபாடு ஒரு குறை. வகுப்பில் அதுவே பாடம்.

நொய்யல் இன்னொரு சோதனை. சாயக்கழிவால் நிறம் மாறிய ஆறு அது. 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பதில் கழிவுநீரைத் தேக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அந்த ஆற்றங்கரை ஊரின் பிள்ளை ஆற்றுக்கு நீலம் தீட்டுகிறது, பலகையில் நீலம் இருந்ததால். நான் கேட்பது பிரச்சாரப் படம் அல்ல. பாலத்தில் நின்று பார்த்த நிறத்தைத் தாளில் கலந்து பார்க்கும் துணிவு மட்டுமே. பழுப்போ சாம்பலோ, ஏதாவது ஒரு நாளில் உண்மையாகவே நீலமோ, பிள்ளை பார்த்ததாக இருக்கட்டும்.

வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் இப்போது இந்த வகுப்புகளில் இருக்கிறார்கள். தமிழ்ப் பாடத்தில் வாய் திறக்கத் தயங்கும் ஒடியாச் சிறுமி, தன் வீட்டு முற்றத்துக் கோலத்தை வரையும்போது யாருக்கும் குறைந்தவள் அல்ல. பலகையில் தென்னையை வரைந்துவிட்டால் அவளுக்கு இருந்த அந்த ஒரே இடமும் போய்விடும்.

இத்தனையும் யார் செய்வது? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளிகளுக்குக் கலை ஆசிரியரைப் பகுதிநேரமாகவே கேட்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாயில் நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. ஊதியம் பின்னர் உயர்ந்தது, பகுதிநேரம் என்ற நிலை தொடர்ந்தது. நாற்பது பிள்ளைகளையும் தனித்தனியே பார்க்க நேரமில்லாதவருக்குக் கரும்பலகைதான் கை கொடுக்கும். தேசியக் கலைத்திட்டச் சட்டகம் 2005 பத்தாம் வகுப்புவரை கலையைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. அதை நிறைவேற்ற முதலில் வேண்டியது முழுநேர ஆசிரியர். அடுத்து வேண்டியது மதிப்பெண் முறையில் ஒரு மாற்றம்: நாற்பது தாள்களும் ஒன்றுபோல் இருந்தால், திருத்த வேண்டியது பிள்ளைகளின் தாள்களை அல்ல, அன்று நடந்த பாடத்தை.