பாரிஸ் கூரையும் பினாங்கு மண்டபமும்

பினாங்குக் கடலோரத் திடலுக்கு எதிரே இரண்டு பெரிய மாளிகைகள் அடுத்தடுத்து நிற்பதைக் காண்கிறோம். ஒன்று 1880களில் எழுந்த நகர மண்டபம். மற்றது 1903இல் கட்டி முடிந்த மாநகராட்சி மண்டபம். தூண்களும் வளைவுகளும் ஐரோப்பாவை நினைவூட்டுகின்றன. ஆனால் அக்காலத்தில் கடல் கடந்து புகழ்பெற்ற பாரிஸ் கூரையை அவற்றில் காணோம்.

அது என்ன கூரை? கீழ்ப்பகுதி சுவரைப்போலச் செங்குத்தாகவும், மேற்பகுதி சற்றே சாய்வாகவும் அமைந்தது. நடுவே சிறு சன்னல்கள் எட்டிப் பார்க்கும். 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் மான்சார் பெயரால் அது வழங்குகிறது. கூரைக்குள்ளேயே ஒரு மாடி கிடைத்துவிடும்! மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், 1852 முதல் 1857 வரை, பாரிஸின் லூவர் அரண்மனையை இப்பாணியில் விரிவாக்கினார்கள். அதைப் பார்த்து அமெரிக்கரும் ஆசைப்பட்டனர். 1865இல் முடிந்த பாஸ்டன் நகர மண்டபம், 1878இல் முடிந்த கனடாவின் மாண்ட்ரியல் நகர மண்டபம், வாஷிங்டனில் 1871இல் தொடங்கி 1888இல் முடிந்த அரசாங்க அலுவலக மாளிகை எல்லாம் இந்தக் கூரையைச் சூடிக்கொண்டன.

பினாங்குக்குப் பிரெஞ்சுக்காரர் வராமலில்லை. அதே 1852இல் பிரெஞ்சுக் கன்னியர் இங்கு வந்து பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினர். 1859இல் அவர்கள் லைட் வீதியில் பழைய கவர்னர் மாளிகையை வாங்கிக் குடியேறினார்களே தவிர, பாரிஸ் கூரையைக் கொண்டுவரவில்லை.

ஆட்சி ஆங்கிலேயருடையது, பாணியும் லண்டனைப் பார்த்தே வந்தது. அதுமட்டும் காரணமன்று என்பது எங்கள் எண்ணம். நண்பகலில் லயத்துத் தகரக்கூரையின் கீழ் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டுமா? கூரைக்குள் ஓர் அறை வைத்தால் இந்த வெயிலில் அது அடுப்பாகிவிடும். பனி பொழியும் மாண்ட்ரியலுக்கு அது பொருந்தும். இங்கே வேண்டியவை உயரமான அறை, அகன்ற சன்னல், நிழல் தரும் தாழ்வாரம். மாநகராட்சி மண்டபத்தில் மின்விளக்கும் மின்விசிறியும்கூட அமைத்தார்கள். பினாங்கில் அவற்றை முதலில் பெற்ற கட்டடங்களில் அதுவும் ஒன்று.

அந்த விசிறிக் காற்று யாருக்கு? பக்கத்து நகர மண்டபத்தைச் சீனர்கள் 'வெள்ளைக்காரர் மன்றம்' என்றே அழைத்தார்கள். நடனமும் நாடகமும் அவர்களுக்காகவே நடந்தன. 1957 ஜனவரி முதல் நாள் ஜார்ஜ் டவுன் மாநகரமானது. அதன் மேயராக வந்தவர்களில் ஒருவர் டி. எஸ். ராமநாதன்.